சிறுநீரக நோயும் மரபணு ரிஸ்க்கும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

குடும்பத்தில் ஒருவருக்கு டயாலிசிஸ் தொடங்கியதும் மற்றவர்களுக்கு வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன. மரபணு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்களின் சந்தேகங்களும் அப்படியே. என் காதுக்கு அடிக்கடி வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே போட்டிருக்கிறேன். எளிமையானவை முதலில், சிக்கலானவை பின்னால். இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். அது உங்கள் சிறுநீரக மருத்துவர் பார்க்க வேண்டிய வேலை.

1. எங்க அப்பாவுக்கு கிட்னி ஃபெயிலியர், டயாலிசிஸ் போயிட்டிருக்கார். எனக்கும் வந்துடுமா?

அப்பாவுக்கு எதனால் செயலிழந்தது என்பதைப் பொறுத்தது. பல ஆண்டு சர்க்கரை நோயாலோ ரத்தக் கொதிப்பாலோ என்றால், உங்கள் ரிஸ்க் மற்றவர்களைவிடக் கூடுதல், அவ்வளவுதான். வந்தே தீரும் என்று யாரும் சொல்ல முடியாது. பாலிசிஸ்டிக் எனப்படும் பரம்பரை நீர்க்கட்டி நோய் என்றால் கதையே வேறு: அதன் பரவலான வகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. கல் அடைத்ததாலோ, வருடக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரையாலோ போயிருந்தால் பரம்பரையின் பங்கு இன்னும் குறைவு.

அதனால் மரபணு டெஸ்ட்டுக்கு ஓடுவதற்கு முன் அப்பாவின் பழைய ஃபைலை எடுங்கள். முதல் ஸ்கேன் ரிப்போர்ட், பயாப்சி எடுத்திருந்தால் அது, நோய் கண்டுபிடித்தபோது அவருக்கு என்ன வயது, இந்த மூன்றும் வேண்டும். "காரணம் தெரியவில்லை" என்று எழுதியிருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். அது ஏன் முக்கியம் என்பதை 8-ஆம் கேள்வியில் பாருங்கள்.

2. கிரியேட்டினின் நார்மல்னு வந்திருக்கு. அப்ப நாள்பட்ட சிறுநீரக நோய் இல்லைன்னுதானே அர்த்தம்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ரத்தத்தில் உள்ள கிரியேட்டினினோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சிறுநீரகம் வடிகட்டும் திறன் உத்தேசமாகக் கிடைக்கும். ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் என்று இருப்பது அதுதான். அது 60-க்குக் கீழே இருந்தாலோ, சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ அல்புமின் என்ற புரதம் போனாலோ, ஸ்கேனில் சேதம் தெரிந்தாலோ, அந்த நிலை குறைந்தது மூன்று மாதம் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறார்கள். ஒரே ஒரு நாள் ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டுவதில்லை. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால்கூட எண்கள் ஏறி இறங்கும்.

வடிகட்டும் திறன் 90-க்கு மேல் இருந்தும் அல்புமின் கசிபவர்கள் உண்டு. அவர்களுக்கும் நோய் இருக்கிறது, கிரியேட்டினினில் மட்டும் தெரியவில்லை. திறன் பாதிக்கும் கீழே போகும்வரை உடம்பு பெரும்பாலும் எதையும் காட்டிக்கொள்ளாது. முன்கூட்டியே கணிக்க வேண்டும் என்று இவ்வளவு பேர் மெனக்கெடுவதற்கு அதுதான் காரணம்.

3. ஒரே ஒரு ஜீன்தான் காரணம்ங்கிறாங்க, நூத்துக்கணக்கான ஜீன்னும் சொல்றாங்க. எது சரி?

இரண்டும் சரி, ஆனால் வேறு வேறு ஆட்களுக்கு. இந்த விஷயத்தில் இருக்கும் பாதிக் குழப்பம் இவை இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் வருகிறது.

முதல் வகையில், ஒரே மரபணுவில் ஒரு பெரிய பழுது இருந்தாலே நோய் வரும். பரம்பரை நீர்க்கட்டி நோயில் பிகேடி1 அல்லது பிகேடி2, ஆல்போர்ட் என்ற இன்னொரு பரம்பரைச் சிறுநீரக நோயில் சிஓஎல்4ஏ3, 4, 5. இப்படிப் பல உண்டு. 2019-இல் 3,000-க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகளின் மரபணுக்களைப் படித்துப் பார்த்த ஓர் ஆய்வில், சுமார் 9 சதவீதம் பேருக்கு இப்படி ஒற்றை மரபணுக் காரணம் கிடைத்தது. காரணம் தெரியாமலேயே இருந்தவர்களை மட்டும் எடுத்தால் சுமார் 17 சதவீதம். 'அபூர்வம்' என்று ஒதுக்கிவிடக்கூடிய எண்கள் அல்ல.

இரண்டாம் வகையில், தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத நூற்றுக்கணக்கான சின்ன மாற்றங்கள் சேர்ந்து தராசை ஒரு பக்கம் லேசாகச் சாய்க்கும். இவை எல்லோரிடமும் இருக்கின்றன, எண்ணிக்கைதான் ஆளுக்கு ஆள் மாறும். யூஎம்ஓடி என்ற மரபணுவின் அருகே 2009-இல் கண்டுபிடித்த மாற்றம் நல்ல உதாரணம்: அதில் மனிதர்களில் பெரும்பாலோரிடம் இருப்பதே ரிஸ்க்கான வடிவம்தான், அரிதான வடிவம்தான் பாதுகாப்பு தருகிறது. வேடிக்கை என்னவென்றால், இதே யூஎம்ஓடி-யில் அரிதாக வரும் வேறொரு வகைப் பழுது முதல் வகை நோயைத் தரும்.

4. அந்த ரிஸ்க் ஸ்கோரை எப்படிக் கணக்கு போடுறாங்க? ஜோசியம் மாதிரி இல்லையா?

ஜோசியம் இல்லை. கணக்குதான், ஆனால் கூட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு. லட்சக்கணக்கானவர்களின் மரபணுவையும் சிறுநீரகத் திறனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மரபணுத் தொடரின் எந்த இடத்தில் எந்த எழுத்து இருப்பவர்களுக்குத் திறன் கொஞ்சமாவது குறைவு என்று தேடுகிறார்கள். 2019-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவில் 264 இடங்கள் அகப்பட்டன.

ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எடை உண்டு. உங்களிடம் அந்த ரிஸ்க் எழுத்து 0, 1, 2 ஆகியவற்றில் எத்தனை பிரதி இருக்கிறதோ, அதை எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வருவது பாலிஜெனிக் ரிஸ்க் ஸ்கோர். கூட்டிய எண்ணுக்குத் தனியாக எந்தப் பொருளும் கிடையாது. மற்றவர்களோடு ஒப்பிட்டு "ரிஸ்க் குறைந்தவரிலிருந்து எண்ணினால் நூறு பேரில் நீங்கள் 93-ஆவது இடம்" என்று சொன்னால்தான் புரியும். அந்த 'மற்றவர்கள்' யார் என்பது பெரிய விவகாரம், 10-ஆம் கேள்வியில் வருகிறது.

5. ரிப்போர்ட்ல "மூன்று மடங்கு ரிஸ்க்"னு போட்டிருக்கு. தூக்கமே வரல. என்ன அர்த்தம்?

எதில் மூன்று மடங்கு என்று கேட்க வேண்டும். புரிவதற்காக ஒரு கணக்கு: உங்கள் வயதில், உங்களைப் போன்ற உடல்நிலை உள்ள நூறு பேரில் அடுத்த பத்தாண்டுகளில் நான்கு பேருக்கு நோய் வரும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மடங்கு என்றால் பன்னிரண்டு பேர். மீதி எண்பத்தெட்டு பேருக்கு அந்தப் பத்தாண்டில் வராது. அதே மூன்று மடங்கு, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ள அறுபது வயதுக்காரரின் ரிப்போர்ட்டில் இருந்தால் கணக்கின் அடிப்படையே பெரிது, அதனால் விளைவும் பெரிது.

'மூன்று மடங்கு' என்பது காற்றில் வந்த எண்ணும் இல்லை. 2022-இல் வெளியான ஒரு பாலிஜெனிக் ஸ்கோரில், மேல் 2 சதவீதத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ அவ்வளவு ரிஸ்க் காணப்பட்டது. நெருங்கிய உறவினருக்கு நோய் இருப்பதால் கூடும் ரிஸ்க்கோடு ஒப்பிடத்தக்க அளவு அது. அதாவது அப்பாவுக்கு நோய் என்று கேட்டால் எவ்வளவு கவனமாக இருப்பீர்களோ, அதே அளவு கவனம் போதும்.

6. எனக்கு ஸ்கோர் ரொம்பக் கம்மியா வந்துச்சு. அப்ப தப்பிச்சேன்தானே?

சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் தப்பவில்லை. 3-ஆம் கேள்வியில் சொன்ன முதல் வகைப் பழுதும் இந்த ஸ்கோரில் தெரியாது. குறைந்த ஸ்கோரோடு நீர்க்கட்டி நோய் உள்ளவர் இருக்க முடியும்.

7. ஜீன் டெஸ்ட் பெருசா, யூரின் டெஸ்ட் பெருசா? ஒண்ணுதான் எடுக்க முடியும்னா?

யூரின் டெஸ்ட். யோசிக்கவே வேண்டாம். அல்புமின், கிரியேட்டினின் விகிதமும் ரத்த கிரியேட்டினினும் 'இன்று என்ன நிலை' என்று சொல்லும். ஸ்கோர் 'பிறக்கும்போது சாய்வு எந்தப் பக்கம்' என்று மட்டும் சொல்லும்.

ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு எப்போது டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று கணிக்க, 2011-இல் வெளியான ஒரு சூத்திரத்தை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். வயது, பாலினம், இஜிஎஃப்ஆர், சிறுநீர் அல்புமின் என்ற நான்கே நான்கு தகவல். இரண்டு ஆண்டுக்குள், ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் வாய்ப்பு எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லும். 30-க்கும் மேற்பட்ட நாடுகளின் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்து நன்றாக வேலை செய்தது. அதில் மரபணு என்ற சொல்லே கிடையாது. நோய் தொடங்கிவிட்டால் சிறுநீரே பேசிவிடுகிறது, ஸ்கோர் கூடுதலாகச் சொல்வது சொற்பம். ஸ்கோருக்கு ஏதாவது பயன் இருந்தால் அது நோய் தொடங்கும் முன்பு, யாரை அடிக்கடி சோதிப்பது என்று தீர்மானிக்கத்தான்.

8. அப்ப ஜீன் டெஸ்ட் யாருக்குத்தான் வேணும்?

ஒற்றை மரபணுக் காரணத்தைத் தேடும் டெஸ்ட்டைச் சொல்கிறேன், ஸ்கோரை அல்ல. இளம் வயதிலேயே நோய் வந்தவர்கள், காரணம் தெரியாதவர்கள், குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு இருப்பவர்கள், ஸ்கேனில் நீர்க்கட்டிகள் இருந்தும் குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்கள், சிறுநீரில் ரத்தத்தோடு காதும் மந்தமானவர்கள் (ஆல்போர்ட் நோயின் அடையாளம் இது), ஸ்டீராய்டுக்கு மசியாத நெஃப்ராட்டிக் நோய் (சிறுநீரில் புரதம் ஏராளமாகக் கசியும் நோய்) உள்ள குழந்தைகள். இவர்களுக்கு ரிசல்ட் சிகிச்சையையே மாற்றலாம்.

முடிந்தால் முதலில் நோயாளிக்கு எடுங்கள், பிறகு உறவினர்களுக்கு. அவரிடம் மாற்றம் இன்னது என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தைப் பார்த்தாலே போதும், பதிலும் தெளிவாக 'உண்டு', 'இல்லை' என்று வரும். ஆரோக்கியமானவருக்கு மட்டும் எடுத்து 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று வந்தால், உண்மையிலேயே இல்லையா, டெஸ்ட் தவறவிட்டதா என்று தெரியாமல் அந்தரத்தில் நிற்க வேண்டியதுதான்.

9. ரிஸ்க் இருக்குன்னு தெரிஞ்சு என்ன பண்றது? ஜீனை மாத்தவா முடியும்?

மரபணுவை மாற்ற முடியாது, மற்ற நிறைய விஷயங்களை மாற்றலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, உப்பு, புகை, தேவையில்லாத வலி மாத்திரை, வருடத்துக்கு ஒரு முறை 2-ஆம் கேள்வியில் சொன்ன இரண்டு டெஸ்ட். அல்புமின் கசிய ஆரம்பித்தால் மருந்துகளும் இப்போது முன்னைவிடப் பரவாயில்லை. சர்க்கரைக்காக வந்த டபாக்ளிஃப்ளோசின், சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் நோய் முற்றுவதை மெதுவாக்குகிறது என்று 2020-இல் நிரூபணமானது.

ஒற்றை மரபணு நோய்களில் பலன் இன்னும் நேரடியானது. வேகமாக வளரும் நீர்க்கட்டி நோய்க்கு டோல்வாப்டான் என்ற மருந்து உண்டு. ஃபேப்ரி நோய்க்கு, இல்லாத நொதியையே ஊசியாகப் போடலாம். என்பிஎச்எஸ்2 என்ற மரபணு பழுதானதால் நெஃப்ராட்டிக் நோய் வந்த குழந்தைக்கு ஸ்டீராய்டு பெரும்பாலும் வேலை செய்யாது, தெரிந்தால் மாதக்கணக்கில் அந்த மாத்திரையைக் கொடுத்து வதைக்க வேண்டியதில்லை. நிறுத்தக் கற்றுக்கொடுக்கும் டெஸ்ட்டுக்கும் மதிப்பு உண்டு என்பது என் கட்சி.

10. இந்த ஸ்கோரெல்லாம் வெள்ளைக்காரங்களை வச்சுப் போட்டதாமே? மத்தவங்களுக்குச் சரிவருமா?

குறைவாகச் சரிவரும். 4-ஆம் கேள்வியில் சொன்ன அந்தப் பெரிய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஆய்வில் அகப்படும் இடம் பெரும்பாலும் நோய்க்குக் காரணமான இடமாக இருக்காது, அதற்குப் பக்கத்தில் சேர்ந்தே கடத்தப்படும் ஓர் அடையாளமாக இருக்கும். வம்சாவளி மாறினால் அந்த அடையாளமும் காரணமும் சேர்ந்து வருவது மாறிவிடும். ஒரே எடையை எல்லோருக்கும் போட்டால் கணக்கு தவறும்.

5-ஆம் கேள்வியில் சொன்ன 2022 ஸ்கோர் பல வம்சாவளியினரிடம் சரிபார்க்கப்பட்டது என்பது நல்ல விஷயம். அப்படியும் எல்லாரிடமும் ஒரே அளவு கூர்மை இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் எந்த மக்களோடு ஒப்பிட்டார்கள் என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத ரிப்போர்ட்டின் சதவீதத்தை நான் நம்ப மாட்டேன்.

11. ஆப்பிரிக்க வம்சாவளிக்காரங்களுக்கு மட்டும் ஒரு தனி ஜீன் இருக்காமே?

ஏபிஓஎல்1. மரபணு எல்லோருக்கும் உண்டு. அதில் ஜி1, ஜி2 என்ற இரண்டு மாற்றங்கள் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் பரவலாக இருக்கின்றன. 2010-இல் கண்டுபிடித்தார்கள். இந்த மாற்றங்கள் ஆப்பிரிக்கத் தூக்க நோயைத் தரும் ஒட்டுண்ணியிலிருந்து காப்பாற்றியதால் தலைமுறை தலைமுறையாகப் பெருகின. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி வந்தால் சிறுநீரக ரிஸ்க் பெரிதாக ஏறும். அமெரிக்கக் கறுப்பினத்தவரில் சுமார் 13 சதவீதம் பேரிடம் இப்படி இரண்டு பிரதி உண்டு. ஒற்றைப் பிரதியும் ரிஸ்க்கைக் கொஞ்சம் கூட்டுவதாக 2024-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது.

இரண்டு பிரதி உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. எச்ஐவி போன்ற இரண்டாவது அடி ஒன்று விழும்போது பலருக்குத் தொடங்குகிறது. 3-ஆம் கேள்வியின் இரண்டு வகைக்கும் நடுவே நிற்கும் மரபணு இது. இதற்கென்றே உருவான இனாக்ஸாப்ளின் என்ற மருந்து, 2023-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் 13 வாரத்தில் சிறுநீரில் கசியும் புரதத்தைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தது.

12. வீட்டுக்கே அனுப்புற எச்சில் டெஸ்ட் எடுத்தேன், கிட்னியில எதுவும் இல்லைன்னு வந்துச்சு. ஆனா அம்மாவுக்கு பாலிசிஸ்டிக் இருக்கே?

அந்த ரிசல்ட்டை நம்பி விட்டுவிடாதீர்கள். அவற்றில் பல, முன்பே தேர்ந்தெடுத்த சில இடங்களை மட்டும் பார்க்கும், மரபணுவை முழுக்கப் படிக்காது. நீர்க்கட்டி நோயில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெரும்பாலும் தனித்தனி மாற்றம், அது அந்தப் பட்டியலில் இருக்கவே இருக்காது.

முழுக்கப் படிக்கும் நல்ல டெஸ்ட்டுக்கே பிகேடி1 தலைவலிதான். அதே குரோமோசோமில் அதன் அச்சு அசலான ஆறு போலிப் பிரதிகள் இருக்கின்றன, இயந்திரம் எதைப் படிக்கிறோம் என்று தடுமாறும். சிறுநீரக நோய் தரும் இன்னொரு மரபணுவான எம்யூசி1 இன்னும் மோசம். அதில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும் பகுதிக்குள் பழுது ஒளிந்துகொள்வதால் சாதாரண முறையில் தப்பிவிடும். உங்கள் விஷயத்தில் ஒரு ஸ்கேனே பெரும்பாலும் விடை சொல்லிவிடும்: பெற்றோருக்கு நோய் இருந்து, 15 முதல் 39 வயதுக்குள் இரண்டு சிறுநீரகத்திலுமாகச் சேர்த்து மூன்று நீர்க்கட்டிகளாவது தெரிந்தால் நோய் உறுதி. தெரியாவிட்டால், வயதைப் பொறுத்து எம்ஆர்ஐயோ, பிகேடி1-க்கென்றே செய்யும் டெஸ்ட்டோ தேவைப்படலாம்.

13. "பொருள் நிச்சயமில்லாத மாற்றம்"னு ரிப்போர்ட்ல இருக்கு. இருக்கா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லுங்க.

சொல்ல முடியாது, அதனால்தான் அப்படி எழுதுகிறார்கள். மாற்றம் ஒன்று கண்ணில் பட்டது, அது கெடுதலா சும்மாவா என்று தீர்மானிக்கப் போதிய ஆதாரம் இன்னும் இல்லை. அதை நோயாக எண்ணி சிகிச்சை தொடங்கக் கூடாது, குடும்பத்தையும் பயமுறுத்தக் கூடாது. நோயுள்ள உறவினர்களிடமும் அதே மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது சில சமயம் முடிச்சை அவிழ்க்கும். ஓரிரு ஆண்டு கழித்து லேபிடம் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், வகைப்பாடு மாறியிருக்கலாம்.

14. எனக்கு நீர்க்கட்டி நோய். ஏழு வயசுப் பொண்ணுக்கு இப்பவே டெஸ்ட் எடுத்துடலாமா?

அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைக்கு அவசரப்பட வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை. அவள் பெரியவளாகித் தானே முடிவெடுக்கும் உரிமையை நாம் முன்கூட்டியே எடுத்துக்கொள்வதாகிவிடும். ஆனால் ரத்த அழுத்தத்தை மட்டும் தவறாமல் பாருங்கள். இந்த நோயில் அழுத்தம் சின்ன வயதிலேயே ஏறலாம், அதற்குச் சிகிச்சையும் உண்டு. அழுத்தம் ஏறினாலோ சிறுநீரில் ரத்தம் வந்தாலோ அப்புறம் யோசனையே வேறு.

15. தம்பிக்கு நான் கிட்னி கொடுக்கப் போறேன். ஜீன் டெஸ்ட் ஏன் கேக்குறாங்க?

தம்பிக்கு வந்தது பரம்பரை நோய் என்றால், அதே பழுது இன்னும் வெளியே தெரியாமல் உங்களிடமும் இருக்கலாம். ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு மிச்சமிருப்பதும் பழுதானால் என்ன செய்வது? உங்களைக் காப்பாற்றத்தான் கேட்கிறார்கள். ஏபிஓஎல்1-இல் விஷயம் பெறுபவருக்கும் பொருந்தும்: இரண்டு ரிஸ்க் பிரதி உள்ள கொடையாளரின் சிறுநீரகம், பொருத்திய பிறகு சராசரியாகக் குறைந்த காலமே உழைக்கிறது. 8-ஆம் கேள்வியில் சொன்னபடி, தம்பிக்கு முதலில் எடுத்தால் உங்களுக்குத் தெளிவான பதில் கிடைக்கும்.

16. இன்சூரன்ஸ்காரங்க தெரிஞ்சுக்கிட்டா?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அமெரிக்காவின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவக் காப்பீட்டுக்கும் வேலைக்கும் பாதுகாப்புத் தருகிறது, ஆயுள் காப்பீட்டுக்குத் தருவதில்லை. எடுத்த பிறகு யோசிப்பதைவிட எடுப்பதற்கு முன் விசாரிப்பது நல்லது.

17. கிரியேட்டினினை வச்சுத்தானே இந்த ஜீன்களையே கண்டுபிடிச்சாங்க? அப்ப அது கிட்னி ஜீனா, கிரியேட்டினின் ஜீனா?

அருமையான கேள்வி, ஆராய்ச்சியாளர்களும் இதில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிரியேட்டினின் தசையில் உண்டாகும் பொருள். உடம்பில் அது எவ்வளவு உருவாகிறது என்பதற்கும் மரபணுக்கள் உண்டு. ஜிஏடிஎம் என்பது அப்படி ஒன்று. அதில் மாற்றம் இருந்தால் ரத்த கிரியேட்டினின் மாறும், வடிகட்டும் திறன் அப்படியே இருக்கலாம். இதெல்லாம் சலித்து எடுக்காமல் ஸ்கோரில் சேர்ந்துவிட்டால், ஸ்கோர் 'நோயை' நன்றாகக் கணிப்பது போலத் தோன்றும். உண்மையில் கிரியேட்டினினைக் கணித்துக்கொண்டிருக்கும்.

இதற்காகத்தான் கண்டுபிடித்த இடங்களை சிஸ்டாட்டின் சி, யூரியா என்ற வேறு இரண்டு அளவுகளோடும் ஒத்துப் பார்க்கிறார்கள். மூன்றிலும் ஒரே திசையில் நகர்ந்தால்தான் அது சிறுநீரகத்தைச் சேர்ந்தது என்று நம்பலாம்.

18. ரெண்டு இடத்துல ஸ்கோர் எடுத்தேன். ஒண்ணுல 70, இன்னொண்ணுல 91. ஜீன் மாறுமா என்ன?

மரபணு மாறவில்லை, கணக்கு மாறியிருக்கிறது. ஒரு லேப் சில நூறு இடங்களைக் கூட்டும், இன்னொன்று லட்சக்கணக்கான இடங்களை. எடைகளும் வேறு, ஒப்பிடும் கூட்டமும் வேறு. சராசரிக் கூட்டத்துக்கு இரண்டு ஸ்கோரும் ஓரளவு ஒரே தரத்தில் இருந்தாலும், தனி ஆளுக்கு இப்படி விலகுவது சகஜம். இதில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வழி கிடையாது. ஸ்கோரை மட்டும் வைத்து மருந்து தொடங்குவதற்கு நான் ஒத்துக்கொள்ளாததற்கு இதுவே முதல் காரணம்.

19. எனக்கும் அக்காவுக்கும் அதே பிகேடி1 மாற்றம்தான். அக்கா 44 வயசுல டயாலிசிஸ். எனக்கு 50, இன்னும் நல்லா இருக்கேன். எப்படி?

எந்த மரபணு, என்ன மாதிரிப் பழுது என்பது சராசரியைத் தீர்மானிக்கிறது. பிகேடி2 நோய் பிகேடி1-ஐவிடப் பொதுவாக மெதுவானது, பிகேடி1-இலும் புரதத்தைப் பாதியில் வெட்டிவிடும் பழுது மற்றவற்றைவிட வேகமானது. ஆனால் உங்கள் இருவருக்கும் ஒரே பழுது என்பதால் அந்த விளக்கம் இங்கே உதவாது.

இங்கேதான் 3-ஆம் கேள்வியின் இரண்டு வகையும் சந்திக்கின்றன. பெரிய பழுது ஒன்றாக இருந்தாலும், பின்னணியில் உள்ள சின்ன மாற்றங்களின் கூட்டல் ஆளுக்கு ஆள் வேறு. நீர்க்கட்டி நோய், ஆல்போர்ட் வகை மரபணு மாற்றம் உள்ளவர்களிடம் பாலிஜெனிக் ஸ்கோர் கூடினால் ரிஸ்க்கும் கூடுவதை 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதோடு ரத்த அழுத்தம் எத்தனை வயதில் ஏறியது, எவ்வளவு சீக்கிரம் கட்டுப்படுத்தினார்கள் என்பதும் சேர்கிறது. உங்களுக்கு எவ்வளவு காலம் என்று கேட்டால், ஸ்கோரைவிட எம்ஆர்ஐயில் அளக்கும் சிறுநீரகத்தின் மொத்தக் கன அளவு நல்ல பதில் தரும். உயரத்துக்கும் வயதுக்கும் அந்த அளவு எவ்வளவு பெரிது என்று பார்த்து, நோயின் வேகத்தை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறார்கள். டோல்வாப்டான் தேவையா என்று மருத்துவர் முடிவெடுப்பதும் பெரும்பாலும் அதை வைத்துத்தான்.